கூரைக்கும் தலைக்கும் நாலு விரல்

வௌவால் என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தது யார் என்று அந்தத் தொழிற்சாலையில் கேட்டால் ஆளுக்கு ஒருவரைக் கைகாட்டுவார்கள். ஏன் வைத்தார்கள் என்று கேட்டால் மட்டும் எல்லோரிடமும் ஒரே பதில்தான். இருபத்திரண்டு வருடமாக அவள் தலைகீழாகத் தொங்கித்தான் சம்பளம் வாங்குகிறாள். பேச்சுக்குச் சொல்வதில்லை, நிஜமாகவே தொங்குகிறாள்.

வேன் தயாரிக்கும் தொழிற்சாலை அது. கடைசிக் கொட்டகையில் சோதனைப் பிரிவு. அங்கே இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவே ஒரு வேனின் வெறும் கூடு மாட்டியிருக்கும். இன்ஜினும் சக்கரமும் கிடையாது, இருக்கை, பெல்ட், கூரை அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் கூடு மெதுவாகப் புரண்டு தலைகீழாக நிற்கும். உள்ளே பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் வௌவாலின் உடம்பு பெல்ட்டில் இறங்கும், தலை கூரைப் பக்கம் போகும். ஒரு நிமிடம் கழித்து உச்சந்தலைக்கும் கூரைக்கும் நடுவே ஸ்கேலை நுழைத்து, எவ்வளவு இடம் மிச்சம் என்று எழுதிக்கொள்வார்கள்.

அந்த இடம் எதற்கு என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் போதும், வௌவால் டீ ஆறும்வரை விடமாட்டாள். வண்டி கவிழும்போது தலை கூரையில் முட்டுவதோடு போவதில்லை. தலை அங்கே நின்றுவிடும், பின்னாலேயே வரும் உடம்பு நிற்காது. அத்தனை பாரமும் கழுத்தில் வந்து உட்காரும். பெல்ட் ஆளை வெளியே எறியாமல் பிடித்துக்கொள்ளும், உயிரைக் காப்பாற்றும், அதெல்லாம் சரி. ஆனால் இருக்கையை விட்டு எழும்பாமல் இறுக்கிப் பிடித்தால்தான் கழுத்துக்கும் சேர்த்துக் காவல். இதைச் சொல்லும்போது கேட்பவர் கழுத்தில் தன் விரலை வைத்தே காட்டுவாள். பாதிப் பேர் அத்தோடு எழுந்து போய்விடுவார்கள்.

அவள் இந்த வேலைக்கென்று வந்தவள் இல்லை. இருக்கை உறை தைக்கும் பிரிவில் இருந்தாள். அவளுக்கு முன் அந்தக் கூட்டில் தொங்கிக்கொண்டிருந்தவன் ஒரு தடியன்; மூன்றாம் நாளே மேலதிகாரியின் ஷூ மேல் வாந்தி எடுத்துவிட்டு ஆளை விட்டால் போதும் என்று ஓடிவிட்டான். அப்போது சோதனைப் பிரிவில் சின்ன அதிகாரியாக இருந்த அவள் அண்ணன் தையல் மெஷின்கிட்டே வந்து நின்றான்.

"குட்டி, ஒரு நிமிஷம் தலைகீழா இருக்க முடியுமா உன்னால?"

"வீட்டையும் பார்த்துட்டு இதையும் தைக்கிறேன். ஒரு நிமிஷம் நேரா இருக்க முடியுமான்னு கேளு."

அன்று தொங்கினாள். வாந்தி வரவில்லை, மயக்கம் வரவில்லை. இறங்கி முடியைச் சரிசெய்துகொண்டு "அவ்வளவுதானா?" என்றாள். அப்பா இல்லாத வீட்டில் அவளைப் படிக்கவைத்ததும், வேலைக்குச் சேர்த்ததும், கல்யாணம் பண்ணிவைத்ததும் அந்த அண்ணன்தான். அவன் உட்காரச் சொன்னால் எங்கே, எதற்கு என்று கேட்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. தொழிற்சாலைக்குள் மட்டும் எல்லோரையும் போல அவனை சார் என்பாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை.

அவள் வீட்டுக்காரர் வேன் டிரைவர். அலுவலகத்துக்காரர்களைக் காலையில் ஏற்றி மாலையில் வீட்டில் இறக்குகிற வேலை. "ஊர்ல அவனவன் தலைகீழா நின்னாலும் கிடைக்காத வேலை என் பொண்டாட்டிக்கு நின்னதுக்கே கிடைச்சுது" என்று சொல்லிச் சிரிப்பார். முன்பெல்லாம் பெல்ட்டை இடுப்புக்குப் பின்னால் மாட்டிவிட்டு ஓட்டுகிற ஆள் அவர். பெல்ட் போடாதவனுக்கு இந்த வீட்டில் சாப்பாடு இல்லை என்று ஒரு நாள் நிஜமாகவே தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். அன்றிலிருந்து வண்டியை வாசலில் நகர்த்தி நிறுத்துவதற்குக்கூட பெல்ட் போடுவார்.

வருடம் போகப்போக அவளுக்குத் தொங்குவது கைவந்த கலை ஆகிவிட்டது. மூச்சை முழுக்க விட்டு வயிற்றை உள்ளே இழுப்பாள். இடுப்புப் பட்டையை எலும்பில் படும்வரை அழுத்தி விடுவாள். தோள் பட்டையை இரண்டு முறை சுண்டி இழுப்பாள். குதிகாலை இருக்கைக்கு அடியில் கொடுத்துத் தொடையை இறுக்கிக்கொள்வாள். இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை, உடம்பே கற்றுக்கொண்டது. ஆரம்பத்தில் அவள் தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு விரல் இடம் இருந்தது. பிறகு இரண்டு, மூன்று என்று ஏறி நாலில் வந்து நின்றது. நம் வண்டிகள் தேறிக்கொண்டே வருகின்றன என்று தொழிற்சாலையில் எல்லோருக்கும் சந்தோஷம். தேறியது வண்டியில்லை, அவள்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதற்குள் அந்தப் பிரிவுக்கே தலைவனாகிவிட்ட அண்ணன் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஸ்கேலைப் பார்த்துவிட்டு, "நீ தொங்கினாத்தான் நம்பர் நல்லா வருது" என்பான். அவள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு பெண் இன்ஜினியர் புதிதாக வந்தாள். வந்த மூன்றாவது மாதமே மீட்டிங்கில், எத்தனை வருடமாக இந்த ஒரே ஆள், வெளியாட்களை வைத்துப் பார்க்கலாமே என்று கேட்டிருக்கிறாள். வௌவாலின் காதுக்கு அது வந்தபோது காலும் கையும் முளைத்து, "அந்தக் கிழவியை எப்போ அனுப்பறீங்க" என்று ஆகியிருந்தது. டீ ரூமில் பத்துப் பேர் பார்க்க அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டாள்.

"என் சோத்துல மண்ணை அள்ளிப் போடணும்னே படிச்சிட்டு வந்தியாம்மா?"

"அக்கா, நான் சொன்னது அது இல்ல, கொஞ்சம் தனியாப் பேசலாமா?"

"தனியா என்ன பேச்சு? எதுவா இருந்தாலும் சாரைக் கேளு."

அந்தப் பெண் முகம் சிவந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு வௌவால் பக்கமே வரவில்லை.

இதெல்லாம் நடந்து சில மாதம் கழித்து வீட்டுக்காரரின் முதலாளி புது வேன் வாங்கக் கிளம்பினார். உன் வீட்டில்தான் அங்கே வேலை பார்க்கிறார்களே, எதை எடுக்கலாம் என்று டிரைவரைக் கேட்டார். டிரைவர் பெண்டாட்டியைக் கேட்டார்.

"நம்ம கம்பெனி வண்டியையே எடுக்கச் சொல்லுங்க. நானே தொங்கிப் பார்த்த வண்டி. கூரைக்கும் தலைக்கும் நாலு விரல் இருக்கு."

வண்டி வந்த அன்று அண்ணனும் வந்திருந்தான். மாப்பிள்ளை பக்கத்தில் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, வண்டி வெண்ணெய் மாதிரி போகிறது என்றான்.

எட்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு மழைநாள் மத்தியானம், ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கினார். பின்சக்கரம் சாலையோரச் சேற்றில் வழுக்கியது. வண்டி மெதுவாகத்தான் சாய்ந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஒரு முறை முழுதாகப் புரண்டு, இன்னொரு பாதி புரண்டு, பள்ளத்தில் தலைகீழாக நின்றது. உடம்பில் வேறு எங்கும் பெரிய காயமில்லை, கழுத்தெலும்பு மட்டும் போய்விட்டது.

"பெல்ட் போட்டிருந்ததாலதான் உயிரோட இருக்கார்" என்றார் டாக்டர். "இல்லேன்னா வெளியே தூக்கி எறிஞ்சிருக்கும். ஆனா தலை கூரையில மாட்டி, உடம்பு மேல வந்து அழுத்தியிருக்கு. கால் கொஞ்சம் கொஞ்சமா தேறும். கை எந்த அளவுக்கு வரும்னு இப்போ சொல்ல முடியாது."

ஒன்றரை மாதம் கழித்து வீட்டுக்கு வந்தார். கழுத்தைச் சுற்றி மோவாய் வரை கெட்டியான பட்டை. விரல்கள் அசைந்தன, ஒரு டம்ளரைப் பிடிக்கிற பலம் இல்லை. பகலில் பார்த்துக்கொள்ள பக்கத்து வீட்டு அம்மா ஒத்துக்கொள்ள, இவள் மறுபடி வேலைக்குப் போனாள். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. அவருக்கு இருந்தது ஒரே குழப்பம்தான், அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

"நாலு விரல் இருக்குன்னு சொன்னியே. அப்புறம் எப்படி முட்டும்? நான்தான் பெல்ட்டை எங்கயோ தப்பாப் போட்டுட்டேனோ?"

கூரை நசுங்கி இறங்கியிருக்க வேண்டும், வேறு வழியே இல்லை என்று நினைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, விபத்து வண்டிகளை நிறுத்தியிருக்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்தாள். கூரை நசுங்கவில்லை. ஓரத்தில் ஒரு சொட்டை, அவ்வளவுதான். பெல்ட் அறுபடவில்லை, பூட்டு கழலவில்லை. டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து அண்ணாந்தாள். தலைக்கு நேர் மேலே கூரைத் துணியில் தலையெண்ணெய் தேய்ந்த கறை, அதில் இரண்டு நரைமுடி. கூரை கீழே வரவில்லை. அவர்தான் மேலே போயிருக்கிறார். அந்த இருக்கையில் அவள் அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அந்தப் பெண் இன்ஜினியரின் மேஜை முன்னால் போய் நின்றாள். டீ ரூமில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"நீ அன்னைக்குத் தனியாப் பேசணும்னியே, அது என்ன?"

அந்தப் பெண் எழுந்து அவளைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். சாப்பாட்டு நேரம், அங்கே யாரும் இல்லை. கூட்டில் உட்காரச் சொன்னாள்.

"அக்கா, ரோட்டுல யாரும் கவிழப்போறோம்னு தயாரா உட்காரமாட்டாங்க. அசதியா, பராக்குப் பார்த்துட்டு வருவாங்க. அந்த மாதிரி உட்காருங்க. ஒன்னும் பண்ணாதீங்க."

அவளால் முடியவில்லை. கூடு சாயத் தொடங்கியதுமே வயிறு தானாக உள்ளே போயிற்று, குதிகால் தானாக இருக்கைக்கு அடியில் ஓடியது. மூன்று தடவை சுற்றினார்கள். மூன்று தடவையும் நாலு விரல். நாலாவது தடவை அவள் தலைகீழாக இருக்கும்போது அந்தப் பெண் குனிந்து கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் காலையில என்ன சொன்னார் அக்கா?"

"சட்டை பட்டனைத் தானே போட்டுக்கறேன்னார்" என்று ஆரம்பித்தாள். "ஒன்னு போட்டார். அதுக்கே கால் மணி நேரம்..."

அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது. அழுகிறவளுக்கு வயிற்றை இழுத்துப் பிடிக்கத் தெரியுமா, குதிகாலைப் பற்றித்தான் நினைவிருக்குமா? உடம்பு மொத்தமும் தளர்ந்து பட்டைக்குள் சரிந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் தலை போய்க் கூரையில் இடித்தது.

கீழே இறக்கிய பிறகு அந்தப் பெண் ஒரு பழைய ஃபைலைக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு முன்னால் அங்கே இன்ஜினியராக இருந்தவர் எழுதிய குறிப்பு அதில் இருந்தது. அதே வேன், அதே இருக்கை, ஆபீஸில் வேலை செய்யும் ஐந்து பேரைத் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறார். இரண்டு பேருக்குத் தலை இடித்தது, மற்றவர்களுக்கு ஒரு விரல்கூட இல்லை. வழக்கமாகத் தொங்கும் பெண்மணி உடம்பைப் பிடித்துக்கொள்ளப் பழகிவிட்டார், அவர் அளவை நம்பக்கூடாது, வண்டி சாய்ந்ததுமே தானாகச் சுண்டி இறுக்கும் பெல்ட்டாக மாற்ற வேண்டும், அதற்கு ஆறு மாதம் ஆகும் என்று முடித்திருந்தார். அதற்குக் கீழே நீல மையில் ஒரு வரி: 'பழைய ஆளே தொடரட்டும்.' கையெழுத்து யாருடையது என்று அவளிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் பள்ளிக்கூட லீவு லெட்டரெல்லாம் அந்தக் கையெழுத்தில்தான் போயிருக்கிறது. தேதியைப் பார்த்தாள். வீட்டுக்காரர் வண்டி எடுப்பதற்கு ஒரு வருடம் முன்னால்.

"இதைத்தான் சொல்ல வந்தேன் அக்கா. நீங்க சாரைக் கேக்கச் சொன்னீங்க. கேட்டேன். உங்க வேலை நிலைக்கணும்னா என்னை வாயை மூடிக்கச் சொன்னார்."

அண்ணனின் அறைக்குள் அவள் கதவைத் தட்டாமல் போனது அதுதான் முதல் தடவை.

"ஃபைலைப் பார்த்தேன் அண்ணா."

எந்த ஃபைல் என்று அவன் கேட்கவில்லை. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"உட்காரு குட்டி. அன்னைக்கு நிலைமை உனக்குத் தெரியாது. ஆறு மாசம் தள்ளினா இந்தப் பிரிவையே மூடிடுவேன்னாங்க. உன் வேலையும் சேர்ந்துதான் போயிருக்கும்."

"எனக்காகவா செஞ்ச?"

"உனக்காகவும்தான்."

"அவர் அந்த வண்டியை எடுக்கறார்னு உனக்குத் தெரியும். கூடவே ஏறி உட்கார்ந்து போயிட்டு வந்த. வேண்டாம்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "சொல்லியிருந்தா அதுக்கப்புறம் நீ தொங்கியிருக்க மாட்டே" என்றான்.

ஆத்திரத்தில் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்து வைத்திருந்த ஒன்றைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னான். கூடப்பிறந்தவன் தன்னை இத்தனை வருடமும் அந்த ஸ்கேலைப் போல ஒரு சாமானாகத்தான் வைத்திருந்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஸ்கேலிடம் யாராவது விஷயத்தைச் சொல்வார்களா?

அவன் அதோடு நிற்கவில்லை. "அடுத்த திங்கக்கிழமை ஆய்வு அதிகாரி வர்றார். விபத்தைப் பத்தி விசாரிக்கத்தான். எப்பவும்போல ஒரு தடவை தொங்கிடு. நாலு விரல் வந்துட்டா வண்டி மேல குத்தம் இல்லைன்னு ஆயிடும்."

"அப்போ குத்தம் யார் மேல?"

"மாப்ளை கொஞ்சம் வேகமா வந்தார், பெல்ட்டை லூசாப் போட்டிருந்தார்னு எழுதுவாங்க. அவரை யாரும் ஒன்னும் பண்ணமாட்டாங்க குட்டி. நான் பார்த்துக்கறேன்."

அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். தலையாட்டியே பழகியவள்.

திங்கட்கிழமை ஆய்வு அதிகாரி வந்தார். அதிகம் பேசாத மனிதர், தன் ஸ்கேலைத் தானே கொண்டுவந்திருந்தார். கூடு தயாராக இருந்தது. வௌவால் அதன் பக்கத்தில் போய் நின்றாளே தவிர ஏறவில்லை.

"சார், நான் பழகின உடம்பு. விழாம பிடிச்சுக்கத் தெரிஞ்சவ. என் அளவு செல்லாது. பழகாத ஆளை வெச்சுப் பாருங்க."

"உங்களுக்குப் பதிலா யாரு?"

"இவர் என் அண்ணன். உட்கார்ந்தா எங்க ரெண்டு பேர் தலையும் ஒரே மட்டம். இருபத்திரண்டு வருஷமா பக்கத்துல நின்னு என்னைத் தொங்கவிட்டிருக்கார், ஒரு தடவைகூட இதுல ஏறினதில்ல. ஏறு அண்ணா."

அதிகாரி அண்ணனைப் பார்த்தார். மறுப்பதற்கு ஒரு காரணமும் கிடைக்காமல் அவன் ஏறினான். பெல்ட்டை அவளே போட்டுவிட்டாள், எல்லோரும் போடுகிற மாதிரி, ஒரு தடவை இழுத்து மாட்டினாள். கைப்பிடியையும் அவளே சுற்றினாள். கூடு முக்கால் புரளுவதற்குள் அண்ணன் பட்டைக்குள் சரிந்தான், தலை கூரையில் இடித்து ஒரு பக்கமாக வளைந்தது. "இறக்கு குட்டி" என்றான். ஒரு நிமிடம் என்பது சோதனையின் விதி. அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதிகாரி ஸ்கேலை நுழைக்கப் பார்த்தார், இடமே இல்லை. எழுதிக்கொண்டார்.

இறங்கி டையைச் சரிசெய்துகொண்ட அண்ணன் பழையபடி அதிகாரி ஆகிவிட்டான். "ஒரே ஒரு ஆளை வெச்சு ஒரு வண்டியை எப்படி சார் முடிவு பண்றது?" என்றான். வாய் கூசாமல் சொன்னான். தங்கை பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெண் இன்ஜினியர் பழைய ஃபைலை அதிகாரியின் கையில் கொடுத்தாள். அவர் அதைப் பையில் வைத்துக்கொண்டு, கடிதம் வரும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வௌவால் வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. வீட்டுக்காரர் முன்னறைக் கட்டிலில் சாய்ந்திருந்தார். கழுத்தைத் திருப்ப முடியாதவருக்கு முகம் தெரியும்படி எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னாங்க? நான் பெல்ட்டைச் சரியாத்தான் போட்டிருந்தேனா?"

"நீங்க சரியாத்தான் போட்டிருந்தீங்க. நாலு விரல்னு நான் சொன்னதுதான் பொய்."

குதிகாலிலிருந்து ஃபைல் வரை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார்.

"பொய்யின்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியாமத்தான் செஞ்சேன். ஆனா செஞ்சது நான்தான்."

"மச்சானுக்கு?"

"தெரியும். நீங்க வண்டி எடுக்கறதுக்கு முன்னாடியே தெரியும்."

அவருடைய விரல்கள் போர்வையைப் பிடிக்கப் பார்த்தன, பிடிபடவில்லை. கண் மட்டும் நகர்ந்து அவள் முகத்துக்கு வந்தது.

"நீ வேலைக்குப் போற நாளெல்லாம் மத்தியானம் அவன் வந்துடுவான்" என்றார். "அந்த அம்மாவை அனுப்பிட்டு அவனே ஊட்டி விடுவான். ஒவ்வொரு வாய்க்கும், மெதுவா மாப்ளே, கழுத்து பத்திரம்னு சொல்வான். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டான். எவ்வளவு பாசம்னு நெனச்சேன்."

அவள் போர்வையின் நுனியை எடுத்து அவர் விரல்களுக்குள் வைத்தாள். அண்ணன் இதையும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.